1 யோவான் 3:9 – "பாவஞ்செய்யமாட்டான்" என்றால் செய்ய முடியாதா, தொடர்ந்து செய்யமாட்டானா?

கீதியோன்300:
ஒரே நிருபத்தில் இரண்டு வசனம். 1:8இல் "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்". 3:9இல் "தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்". முதல் வசனப்படி, பாவமே இல்லை என்கிற விசுவாசி பொய்யன். இரண்டாம் வசனப்படி, பாவம் செய்கிறவன் விசுவாசியே இல்லை. மேடையில் வழக்கமாக வரும் பதில்: "கிரேக்கத்தில் அது நிகழ்காலம், தொடர்ந்து பாவம் செய்துகொண்டே இருக்கமாட்டான் என்று அர்த்தம்." இது நிற்குமா? மூலமொழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "ஜெபித்து வாசியுங்கள், வெளிப்படும்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள்.

பெரேயன்:
பாதி நிற்கும். 3:9இல் இரண்டு வினைகள். "ஹமார்டியான் ஊ போயெய்", அதாவது பாவத்தைச் செய்கிறதில்லை. அப்புறம் "ஊ டுனட்டாய் ஹமார்டனெய்ன்", பாவம் செய்ய அவனால் இயலாது. இரண்டும் நிகழ்கால வடிவம். 2:1இல் "ஒருவன் பாவஞ்செய்வானானால்" என்ற இடத்தில் வேறு வடிவம், ஆயோரிஸ்ட் (செயலை ஒட்டுமொத்தமாகச் சொல்லும் கிரேக்க வினைவடிவம்). அதனால் 2:1 ஒரு தரம் விழுவதைச் சொல்கிறது, 3:9 பழக்கமாய்ச் செய்வதைச் சொல்கிறது என்று பிரித்தார்கள். ஆங்கிலத்தில் என்.ஐ.வி., இ.எஸ்.வி. மொழிபெயர்ப்புகள் இரண்டும் இந்த வழியில்தான் போயின.

இடிக்கும் இடம் 5:16. "தன் சகோதரன் மரணத்துக்கு ஏதுவல்லாத பாவத்தைச் செய்ய ஒருவன் கண்டால்". அங்கே "ஹமார்டனொன்ட்டா" என்பதும் நிகழ்கால எச்சம்தான். ஆள் "சகோதரன்". இரண்டே வசனம் தள்ளி 5:18இல், தேவனால் பிறந்தவன் பாவம் செய்வதில்லை என்று மறுபடியும் நிகழ்காலம். நிகழ்காலம் என்றாலே "தொடர்ந்து" என்றால், 5:16இன் சகோதரன் தொடர்ந்து பாவம் செய்கிற சகோதரன், 5:18இன்படி அப்படி ஒருவன் கிடையாது. 1:8இல் "பாவம் இல்லை" என்பதன் வினையும் நிகழ்காலமே. வேதாகம அறிஞர் சி. எச். டாட் 1946இலேயே கேட்டார்: இவ்வளவு பெரிய உபதேச வித்தியாசத்தை ஒரு வினைவடிவத்தின் மேல் ஏற்றினால், வாசிப்பதைக் காதால் கேட்கிற சாதாரண சபையார் அதைப் பிடித்திருப்பார்களா என்று.

கிரேக்க நிகழ்காலம் தொடர்ச்சியைக் காட்டலாம், ஆனால் காட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. இலக்கணத்தை ஆதாரமாக எடுக்கலாம், தீர்ப்பாக எடுக்கக் கூடாது.

ஜெனீவா_கரை:
பெரேயன் பிரதர், 5:16 சரி. ஆனால் வினைவடிவத்தை விட்டுவிட்டுச் சொற்சேர்க்கையைப் பாருங்கள். யோவான் "பாவத்தைச் செய்கிறவன்" (3:4, 3:8) என்பதை "நீதியைச் செய்கிறவன்" (3:7) என்பதற்கு எதிரே நிறுத்துகிறார். ஆளின் அடையாளமே அதுதான். ஒருநாள் மீன் பிடித்தவனை மீனவன் என்கிறோமா? 3:4இல் இன்னொரு சாவி: பாவம் என்பது "அனோமியா", பிரமாணத்தையே உதறிப் போடுகிற கலகம். ஆகவே தொடர்ச்சி என்ற கருத்து விழவில்லை, அதைத் தாங்கும் தூண்தான் வேறு.

தீத்து2_11:
இவ்வளவு தேவையே இல்லை சகோதரரே. 1:8-9 விசுவாசிகளுக்கு எழுதப்பட்டதே அல்ல, பாவமே இல்லை என்ற ஞானக்காரருக்கு (நாஸ்டிக், இரகசிய ஞானத்தால் மீட்பு என்ற கூட்டத்தார்) எழுதியது. 2:1இல்தான் "என் பிள்ளைகளே" என்று விசுவாசிகள் பக்கம் திரும்புகிறார். நம்முடைய ஆவி தேவனால் பிறந்தது, அது பாவம் செய்யாது. செய்வது மாம்சம். ஆகவே விசுவாசி பாவ அறிக்கை செய்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. கிறிஸ்து ஒரே தரம் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார்.

பெரேயன்:
தீத்து சகோ., மூன்று சிக்கல்.

1:6 முதல் 1:10 வரை எல்லா வினையும் "நாம்". "அவர்கள் சொன்னால்" என்று ஒரு இடத்திலும் இல்லை. பிரிந்து போனவர்களைச் சொல்ல வேண்டிய இடத்தில் யோவான் தயங்காமல் "அவர்கள்" என்கிறார், 2:19 பாருங்கள்.

2:1 புதுப் பேச்சு அல்ல. "நீங்கள் பாவஞ்செய்யாதபடிக்கு இவைகளை உங்களுக்கு எழுதுகிறேன்" என்கிறாரே, எவைகளை? மேலே இப்போதுதான் எழுதியவைகளை.

மூன்றாவது, 3:9 "தேவனால் பிறந்த ஆவி" என்று சொல்லவில்லை, "தேவனால் பிறந்த எவனும்" என்கிறது. ஆள் முழுதாக நிற்கிறான், பாதியாக அல்ல. சத்தியத்தை விட்டுப் போனவர்களும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் பாவத்தைத் தங்கள் கணக்கில் எழுதாமல் தப்பித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. இது என் ஊகம்.

தரங்கைத் தமிழன்:
"எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற ஜெபத்தில் அதற்கு முந்தின வரி அன்றன்றைய அப்பம். அப்பம் தினமும் வேண்டும், மன்னிப்பு மட்டும் ஒரே தரமா?

லுத்தரன் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. 1517இல் வெளிவந்த லுத்தரின் 95 வாக்கியங்களில் முதல் வாக்கியமே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாய் இருக்க வேண்டும் என்பதுதான். எங்கள் விசுவாச அறிக்கையான 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கை 12ஆம் பிரிவு இந்த இழைக்கே எழுதினதுபோல இருக்கும். மனந்திரும்புதலுக்கு இரண்டு பாகம்: பாவம் தெரிந்து மனம் நடுங்குவது, மன்னிப்பை நம்பும் விசுவாசம். நற்கிரியைகள் அதன் கனிகள், பாகங்கள் அல்ல. அதே பிரிவு மறுக்கிறவர்களில் மூன்று கூட்டத்தாரைப் பாருங்கள். நீதிமானாக்கப்பட்டவன் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பவர்கள். இந்த வாழ்விலேயே பாவம் செய்ய முடியாத பூரணத்தை அடையலாம் என்பவர்கள். ஞானஸ்நானத்துக்குப் பின் விழுந்தவனுக்கு மன்னிப்பு மறுத்த நோவாத்தியார்.

கீதியோன்300:
ஐயா, முதல் மறுப்பு புரியவில்லை. இழக்கலாம் என்றால் தாவீது இரட்சிப்பை இழந்தாரா?

தரங்கைத் தமிழன்:
ஆம் என்றே 1537 ஸ்மால்கால்டு பிரிவுகளில் லுத்தர் எழுதுகிறார். பெயர் சொல்லியே எழுதுகிறார்: தாவீது விபசாரத்திலும் கொலையிலும் விழுந்தபோது விசுவாசமும் ஆவியும் அவரை விட்டுப் போயின. மனந்திரும்பியபோது திரும்பின.

ஜெனீவா_கரை:
இங்கேதான் நாங்கள் பிரிகிறோம். எங்கள் சீர்திருத்த சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை 17ஆம் அதிகாரம்: பரிசுத்தவான்கள் கொடிய பாவத்தில் விழலாம், சிறிது காலம் அதிலே கிடக்கவும் கூடும், தேவனுடைய அதிருப்திக்கும் ஆளாவார்கள், ஆனால் முற்றும் முடிவுமாய்க் கிருபையை விட்டு விழார்கள்.

"சிறிது காலம்" எவ்வளவு என்று அறிக்கை அளவு போடவில்லை. தாவீதின் கணக்கை வேதமே கொடுக்கிறது. 2 சாமுவேல் 11:27இல் பிள்ளை பிறந்துவிட்டது, தீர்க்கதரிசி நாத்தான் வருவது 12:1இல். குறைந்தது ஒன்பது மாதம். அந்தக் காலம் அவருக்குச் சுகமாகப் போகவில்லை என்பதற்கு 32ஆம் சங்கீதத்தைக் காட்டுவார்கள்: அடக்கிவைத்தமட்டும் எலும்புகள் உலர்ந்தன என்கிறார். "தொடர்ந்து" என்ற சொல்லை நாள்கணக்காக எடுத்தால் தாவீதே தேறமாட்டார். விழுந்தவன் அங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறானா, முள்ளில் கிடக்கிறானா என்பதைப் பார்க்க வேண்டும்.

ஆல்டர்ஸ்கேட்:
மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியை, பாவமே செய்ய முடியாத பூரணம் என்கிற அந்த இரண்டாம் கூட்டத்தாரோடு சேர்த்துவிடாதீர்கள், அதற்காகத்தான் உள்ளே வந்தேன். "கிறிஸ்தவப் பூரணம்" என்றால் தவறே செய்யாதவன் என்று வெஸ்லி சொல்லவில்லை. அவர் பாவம் என்ற சொல்லுக்கு எல்லை போடுகிறார்: தெரிந்த கட்டளையை மனமறிந்து மீறுவதே சரியான அர்த்தத்தில் பாவம். அறியாமல் நடந்த தவறு, மறதி, புத்திக்குறைவு இவற்றுக்கும் கிறிஸ்துவின் இரத்தம் வேண்டும், ஆனால் 3:9 அவற்றைப் பேசவில்லை. விசுவாசிகளுக்குள் பாவம் மீந்திருக்கிறது என்றும், விசுவாசிகளும் மனந்திரும்ப வேண்டும் என்றும் 1760களில் இரண்டு தனிப் பிரசங்கங்களே வெளியிட்டார். பாவம் உள்ளே இருக்கிறது, ஆனால் ஆளவில்லை. ரோமர் 6:14இன் சொல் அதுதானே, "மேற்கொள்ளமாட்டாது".

மரியின் மைந்தன்:
கத்தோலிக்க நிலை இரண்டுக்கும் நடுவில் என்று நினைப்பவர்களுக்கு: திரிதெந்து சங்கம் ஆறாம் அமர்வு (1547), 23ஆம் விதி. நீதிமானாக்கப்பட்டவன் வாழ்நாள் முழுவதும் அற்பப் பாவம் உட்பட எல்லாப் பாவத்தையும் தவிர்க்க முடியும் என்பவனை அது கண்டிக்கிறது, தேவதாய்க்கு இருந்ததுபோன்ற விசேஷ சலுகை இருந்தாலொழிய. கிருபையை இழக்கவே முடியாது என்பவனையும் அதே விதி கண்டிக்கிறது. சாவான பாவத்துக்கு, அதாவது கிருபையை இழக்கவைக்கும் பாவத்துக்கு, மூன்றும் சேரவேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழு சம்மதம். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. 5:16இல் யோவான் பிரிக்கும் பிரிவை நாங்கள் அப்படியே வைத்திருக்கிறோம், நீங்கள்தான் எல்லாப் பாவமும் ஒன்று என்று சமன்படுத்திவிட்டீர்கள் :)

ஜெனீவா_கரை:
சமன்படுத்தவில்லை. எல்லாப் பாவமும் மரணத்துக்குரியது, ஆனால் எல்லாம் ஒரே கனமல்ல என்பதே எங்கள் வினாவிடையில் இருப்பது. இதை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம்.

கீதியோன்300:
தமிழ் மொழிபெயர்ப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. "பாவஞ்செய்யான்", "பாவஞ்செய்யமாட்டான்" – இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பெரேயன்:
நல்ல கேள்வி. "செய்யான்" பழைய எதிர்மறை வினைமுற்று, முக்காலத்துக்கும் பொது. கிரேக்க நிகழ்காலத்தில் தொடர்ச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வடிவம் அதைக் காட்டாது. "செய்யமாட்டான்" இன்னும் சுவையானது. இன்றைய காதுக்கு அது மறுப்பு: "வரமாட்டான்" என்றால் வர விருப்பமில்லை, அல்லது வரப்போவதில்லை. பழைய தமிழில் மாட்டுதல் என்றால் இயலுதல், மாட்டாமை என்றால் இயலாமை. கிரேக்கத்தில் இருப்பது "இயலாது". நம் பழைய திருப்புதலை அக்காலத்துப் பொருளோடு வாசித்தால் மூலத்துக்கு நெருக்கமாகவே நிற்கிறது. நாம்தான் அதை "செய்யப்போவதில்லை" என்று மெலிதாக்கி வாசிக்கிறோம்.

அதனால் சிக்கல் குறையவில்லை, கூடுகிறது. "இயலாது" என்பது எந்தப் பாவத்தை? ஆதிசபைப் பிதா அகுஸ்தினார் 1 யோவானுக்குச் செய்த பத்துப் பிரசங்கங்களில் ஐந்தாவதில் இதைத்தான் கேட்டு, அது சகோதர அன்புக்கு விரோதமான பாவம் என்கிறார். 3:10 அதற்கு இடங்கொடுக்கிறது: நீதியைச் செய்யாதவனையும் சகோதரனில் அன்புகூராதவனையும் ஒரே மூச்சில் சொல்கிறது. உடனே 3:12இல் தம்பியைக் கொன்ற காயீன். எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது. சபையை உடைத்து, சகோதரனை வெறுத்து, கிறிஸ்துவையும் மறுதலித்துப் போன ஒரு கூட்டத்தைப் பார்த்து எழுதின நிருபம் இது. பிறந்தவனால் அப்படிப் போக இயலாது, "அவருடைய வித்து" விடாது.

மரியின் மைந்தன்:
தமிழ்ச் சொல் என்றதும் ஒன்று. உங்கள் மேடைகளில் "யூதாஸ் மனஸ்தாபப்பட்டான், பேதுரு மனந்திரும்பினான்" என்று பிரசங்கிப்பதைக் கேட்டால் எங்கள் வீட்டுப் பாட்டிமார் திகைத்துப் போவார்கள். அவர்கள் மனப்பாடமாய்ச் சொல்லுவதே "உத்தம மனஸ்தாப மந்திரம்". எங்களுக்கு மனஸ்தாபம் நல்ல பாவசங்கீர்த்தனத்தின் உயிர். கடவுளை நேசிப்பதால் வரும் துக்கம் உத்தம மனஸ்தாபம். தண்டனைக்குப் பயந்து வருவது அதற்கு ஒரு படி கீழ். ஊர்ப் பேச்சில் மனஸ்தாபம் என்றால் பங்காளிச் சண்டை, அது மூன்றாவது பொருள்!

தீத்து2_11:
ஆனால் கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொல்தானே? யூதாசுக்கு மெட்டாமெலோமாய், உண்மையான மனந்திரும்புதலுக்கு மெட்டானோயா.

பெரேயன்:
மத்தேயு 27:3இல் சரி. 2 கொரிந்தியர் 7:10இலும் சொற்கள் அழகாகப் பிரிகின்றன. ஆனால் மத்தேயு 21:29: "மாட்டேன்" என்ற மகன் "பின்பு மனஸ்தாபப்பட்டுப் போனான்". அங்கே இருப்பது யூதாசுக்குச் சொன்ன அதே வினை, ஆனால் தகப்பன் சித்தத்தைச் செய்தவன் இவன்தான். திருப்பிப் போட்டு லூக்கா 17:4 பாருங்கள். ஏழுதரமும் வந்து "நான் மனஸ்தாபப்படுகிறேன்" என்று தமிழில் இருக்கிற இடத்தில், கிரேக்கத்தில் இருப்பது மெட்டானோயாவின் வினை. சொல்லை வைத்து ஆளைத் தீர்க்க முடியாது. யூதாசுக்கும் அந்த மகனுக்கும் வித்தியாசம், துக்கம் அவர்களை எங்கே நடக்கவைத்தது என்பதில் இருக்கிறது. மகன் திராட்சத்தோட்டத்துக்குப் போனான்.

கீதியோன்300:
அப்படியானால் நடைமுறைக்கு வருவோம். ஒருவன் வந்து "மனந்திரும்பிவிட்டேன்" என்கிறான், அடுத்த மாதம் அதே பாவம். சபை எதைப் பார்க்க வேண்டும்?

ஜெனீவா_கரை:
எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். லூக்கா 17 ஒரே நாளில் ஏழு என்கிறது. கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

அறிக்கை குறிப்பாக இருக்கிறதா? வெஸ்ட்மின்ஸ்டர் 15:5, பொதுவான மனந்திரும்புதலோடு நின்றுவிடாமல், குறிப்பிட்ட பாவங்களுக்குக் குறிப்பாக மனந்திரும்ப முயல வேண்டும் என்கிறது. "நான் பெரிய பாவி ஐயா" என்று அழுகிறவன் பலசமயம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "சங்கக் கணக்கில் இத்தனை ரூபாய், இந்த மாதத்தில், இந்த ரசீதைத் திருத்தி எடுத்தேன்" என்பது அறிக்கை. "உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னியுங்கள்" என்பது அறிக்கையே அல்ல. அந்த "இருந்தால்" பழியைப் புண்பட்டவன் தலையில் வைக்கிறது.

அறிக்கையின் வட்டம் பாவத்தின் வட்டத்தோடு பொருந்துகிறதா? மத்தேயு 18:15-17இன் படிகள்: முதலில் "நீயும் அவனும் தனித்திருக்கையில்", பிறகு ஒன்றிரண்டு பேர், பிறகுதான் சபை. ஒருவருக்கு எதிராகச் செய்ததைச் சாட்சி நேரத்தில் ஒலிபெருக்கியில் சொன்னால், பாதிக்கப்பட்டவரின் பெயரும் சேர்ந்து ஊருக்குப் போகும். இது இரண்டாவது பாவம். சபைப் பணத்தை எடுத்துவிட்டுத் தனியறையில் போதகரிடம் மட்டும் சொல்லி முடிப்பது எதிர்ப்பக்கத் தவறு.

வழியை அடைத்தானா? ரோமர் 13:14, துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாதிருக்கச் சொல்கிறது. குடியை விட்டேன் என்கிறவன் கூட்டாளியையும் மாலை நேரத்தையும் சம்பளப் பணம் போகும் கையையும் மாற்றவில்லை என்றால், அவன் துக்கப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

ஆல்டர்ஸ்கேட்:
கண்ணீரை அளவுகோலாக்கவும் கூடாது. அழாதவர்கள் உண்டு, அழுகை சுலபமாக வருகிறவர்களும் உண்டு. ஏசா கண்ணீர்விட்டுத் தேடினான் என்று எபிரெயர் 12:17 சொல்கிறது, கிடைக்கவில்லை. ஆயக்காரன் சகேயு அழுததாக லூக்கா எழுதவே இல்லை, அவன் சொன்னதெல்லாம் கணக்கு: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதுக்கு நாலத்தனை.

பெரேயன்:
அந்த நாலத்தனையை நியாயப்பிரமாணத்தின் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். தானே வந்து அறிக்கையிட்டால் முதலும் ஐந்தில் ஒரு பங்கும் (லேவியராகமம் 6:5, எண்ணாகமம் 5:7). திருடின மிருகம் கையில் உயிரோடு பிடிபட்டால் இரட்டிப்பு (யாத்திராகமம் 22:4). விற்றோ கொன்றோ தீர்த்திருந்தால் ஆட்டுக்கு நாலு, மாட்டுக்கு ஐந்து (22:1). பத்தாயிரம் எடுத்தவன் தானாக வந்தால் பன்னிரண்டாயிரம், பிடிபட்டால் இருபதாயிரம். பிடிபடுவதற்கு முன் வருகிற மனந்திரும்புதலுக்கும் பின் வருகிறதற்கும் மோசேயே விலை வித்தியாசம் வைத்திருக்கிறார்.

சகேயு தானாக வந்தவன். ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தாலே போதும், ஆனால் பிடிபட்ட திருடனின் அபராதத்தைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான். தாவீது நாத்தானின் கதையைக் கேட்டு, "நாலத்தனை" என்று தெரியாமலே தனக்குத் தீர்ப்பு எழுதினதும் இதே சட்டம்தான்.

மரியின் மைந்தன்:
ஆதிசபை இதைவிடக் கடுமை. 325 நிசேயா சங்கம் 11ஆம் விதி: ரோமப் பேரரசன் லிசினியுஸ் காலத்தில் நெருக்கடி எதுவும் இல்லாமலே மறுதலித்தவர்களுக்கு மூன்று வருடம் கேட்போர் வரிசை, ஏழு வருடம் தாழ விழுந்து பணிவோர் வரிசை, இரண்டு வருடம் காணிக்கையில் பங்கில்லாமல் ஜெபத்தில் மட்டும். மொத்தம் 12. அதுவும் மனதார மனந்திரும்பினவர்களுக்கு! அதே சங்கத்தின் 8ஆம் விதி, விழுந்தவர்களை ஏற்க மறுத்த நோவாத்தியார் சபைக்குத் திரும்பினால், அப்படிப்பட்டவர்களோடு ஐக்கியம் வைப்போம் என்று எழுதிக்கொடுக்கச் சொல்கிறது. கதவு கனமானது, ஆனால் பூட்டவில்லை.

தரங்கைத் தமிழன்:
நீளத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. பவுல் கொரிந்துவில் முடித்த விதமும் இருக்கிறது. 2 கொரிந்தியர் 2:6-8: அநேகரால் உண்டான தண்டனையே போதும், இனி மன்னித்து ஆறுதல் செய்யுங்கள், இல்லாவிட்டால் அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோவான். ஒழுங்கு நடவடிக்கை தொடங்கத் தெரிந்த சபைகள் பல, முடிக்கத் தெரிந்தவை சில.

நடத்துநர்:
ஒரு குறுக்கீடு. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை "மனந்திரும்பிவிட்டார்" என்று சபைக்குள் முடிப்பதை இந்த இழையில் யாரும் ஆதரிக்க வேண்டாம். 2012 போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆகவேண்டும், செய்யாதவருக்கு 21ஆம் பிரிவில் தண்டனை. மத்தேயு 18இன் முதல் படியை இங்கே பயன்படுத்திப் பிள்ளையைக் குற்றவாளியோடு தனியே உட்காரவைத்துவிடாதீர்கள்.

ஜெனீவா_கரை:
ஆமென். ரோமர் 13:4இல் பட்டயம் அதிகாரத்தின் கையில் இருக்கிறது, சபையின் கையில் இல்லை.

கீதியோன்300:
கடைசியாக ஒன்று. ஏமாற்றிய ஆள் செத்துவிட்டார். திருப்பிக் கொடுக்க வேண்டியது யாருக்கு? காணிக்கைப் பெட்டியில் போட்டால் போதும் என்கிறார்கள்.

பெரேயன்:
எண்ணாகமம் 5:8. முதலில் இனத்தான். வாங்கிக்கொள்ள இனத்தான் எவனும் இல்லாவிட்டால்தான் அது கர்த்தருக்கு, ஆசாரியன் பங்காக. பாவநிவிர்த்திக்கான ஆட்டுக்கடா அதற்கு மேல் தனி. மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தார் என்று தேடுங்கள். வாரிசு ஊரில் இருக்கும்போது பெட்டியில் போடுவது, அவர்கள் பணத்தில் காணிக்கை போடுவது.

கீதியோன்300:
வாரிசுக்கு விஷயமே தெரியாது. எதற்குப் பணம் என்று கேட்டால்?

பெரேயன்:
எண்ணாகமம் 5:7இன் வரிசையைப் பாருங்கள், அறிக்கை முதலில், பணம் பிறகு. எதற்கு என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஐந்தில் ஒரு பங்கையும் மறக்க வேண்டாம்.